சாம்பமேட்டுப் பானையில் இருந்தது

ஜனவரி 6

சீங்காட்டுக்கு வந்து இரண்டு நாள் ஆகிறது. பெட்டியை இன்னும் பிரிக்கவில்லை. தர்மபுரிப் பக்கத்து மலையடிவாரம் என்று சொன்னபோது தூத்துக்குடிக்காரியான எனக்குக் குளிர் ஞாபகத்துக்கே வரவில்லை. காலையில் குழாயைத் திறந்தால் தண்ணீர் கடிக்கிறது.

முகாம் என்பது மூடிப்போன ஒரு பள்ளிக்கூடம். பெண்களுக்கு இரண்டாம் வகுப்பு, ஆண்களுக்கு நான்காம் வகுப்பு. தலைமையாசிரியர் அறையில் எங்கள் அகழாய்வு இயக்குநர் நமச்சிவாயம் சார். என் கட்டிலுக்கு மேலே சுவரில் அம்மா, ஆடு, இலை, ஈ வரைந்திருக்கிறது. ஈ நல்ல பெரிசு.

என் வேலை, மண்ணிலிருந்து வரும் பானைகளின் உட்புறத்தில் ஒட்டியிருப்பது என்ன என்று வேதியியல் முறையில் சோதிப்பது. அம்மாவுக்குப் புரியட்டும் என்று, "யாரோ கழுவாமப் போட்ட பாத்திரத்தை ஆராய்ச்சி பண்றேன்" என்று சொல்லியிருந்தேன். "வீட்டுல உள்ளதைக் கழுவ உனக்கு உடம்பு வணங்காது, என்னட்டி" என்றாள்.

ஜனவரி 9

இடத்துக்குப் பெயர் சாம்பமேடு. புதிய கற்கால மக்கள் இங்கே மாட்டுப்பட்டி வைத்து, சாணத்தைக் குவித்து எரித்திருக்கிறார்கள். அந்தச் சாம்பல்தான் மேடு. மேட்டை ஒட்டி அவர்கள் குடியிருந்த இடம். சுமார் நாலாயிரம் வருஷம் இருக்கும் என்று சார் சொல்கிறார். கரியை வைத்து வயது கணிக்கும் சோதனையின் முடிவு வரும்வரை நான் "சுமார்" என்பதை அழுத்திச் சொல்லிக்கொள்கிறேன்.

வேலைக்கு வருகிறவர்கள் எல்லாரும் ஊர்க்காரர்கள், பாதிக்குமேல் பெண்கள். மண் சலிக்கும் பெண்களுக்குத் தலைவி தவமணி அக்கா. மகளிர் குழுவுக்கும் அவர்தான் தலைவி. ஐம்பதை நெருங்கும் வயது. கட்டை குட்டையான உருவம், சாரையே அதட்டும் குரல். "அண்ணே, வெயில்ல நின்னா மண்டை வெடிச்சுரும், துண்டைப் போடுங்க" என்றதும் சார் மறுபேச்சில்லாமல் துண்டைப் போட்டுக்கொண்டார். அக்காவின் கணவர் கோவிந்தன் அண்ணனுக்குக் குழிக்குள் வேலை. பேச்சே கிடையாது. கேட்டால் சிரிப்பார், அதுதான் பதில்.

எங்கள் குழுவில் வரைவாளர் ஒருவர் இருக்கிறார், பரிதி என்று பெயர். அளந்து, வரைந்து, படம் எடுப்பது அவர் வேலை. வேலை செய்யும்போது மூக்கால் பாடுகிறார். என் பேனாவை எடுத்தால் திருப்பித் தருவதில்லை. இப்படிப்பட்ட ஆட்களோடு மூன்று மாதம்.

ஜனவரி 15

பொங்கல். தவமணி அக்கா வீட்டில் சாப்பாடு. நடக்க முடியவில்லை, இவ்வளவுதான் எழுத முடியும்.

ஜனவரி 23

மாதிரிகளைக் கட்ட பஞ்சு தீர்ந்துவிட்டது. பக்கத்தில் கடைகள் இருப்பது கூட்டுரோட்டில்தான், பஸ்ஸில் அரைமணி. கோவிந்தன் அண்ணனிடம் கேட்டேன். காலைத் தடவிக்கொண்டு, "மூட்டு வலிங்க மேடம்" என்றார். அதே மூட்டோடு காலையிலிருந்து குழியில் குந்தியிருந்தவர். நான் ஏதோ சொல்ல வாய் திறப்பதற்குள் தவமணி அக்கா சல்லடையை வைத்துவிட்டு எழுந்து, "குடு, நான் போறேன்" என்று பையை வாங்கிக்கொண்டார்.

போன வாரமும் இப்படித்தான். இந்த ஊரில் கடைக்குப் போவதெல்லாம் பெண்கள் வேலை போலிருக்கிறது.

பிப்ரவரி 2

வந்துவிட்டது!

மூன்றாம் குழியில், ஒரு குடிசையின் தரைக்குப் பக்கத்தில், கழுத்துவரை புதைத்து வைத்த பெரிய சாடி. ஊர்க்காரர்களுக்கு அது பானை. வாய் மட்டும் கொஞ்சம் உடைந்திருக்கிறது, மற்றபடி முழுசு. அதைச் சுற்றிக் கையடக்கமான கிண்ணங்கள், ஒன்றின்மேல் ஒன்று கவிழ்த்தபடி. பக்கத்தில் அடுப்பு, மாட்டெலும்பு, கருகிய தானியம். சார் துண்டை எடுத்து ஆட்டினார். பெண்கள் குலவையிட்டார்கள். பரிதி என்னைத் தூக்கிச் சுற்றப் போகிறவர்போல ஓடிவந்து, கடைசி நிமிஷத்தில் சாரின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

பிப்ரவரி 4

இன்று சாடியை வெளியே எடுத்தோம். எடுத்தது கோவிந்தன் அண்ணன். மூங்கில் சிம்பால் மண்ணைச் சுரண்டி, ஈரத்துணி சுற்றி, மாவுக்கட்டுப் போட்டு, அடியில் பலகை செருகி, குழந்தையை எழுப்பாமல் தூக்குவதுபோல் தூக்கினார். நாங்கள் எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். ஒரு சில்லு உதிரவில்லை. தரையில் வைத்தபிறகு தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். தவமணி அக்கா ஏனோ முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டார். சாம்பல் பறந்துகொண்டிருந்தது, கண்ணில் விழுந்திருக்கும்.

உள்ளே எட்டிப் பார்த்தேன். அடியில் மஞ்சளும் வெள்ளையுமாக ஒரு பொருக்கு. என்னவாக இருக்கும் என்று எனக்கு ஓர் ஊகம் இருக்கிறது. வெளியே சொல்லவில்லை.

பிப்ரவரி 12

சென்னை, ஆய்வகம். ஃபேன், வெந்நீர், மெத்தை. ஆனாலும் தூக்கம் பிடிக்கவில்லை. பரிதி சாடியின் படத்தை அனுப்பியிருக்கிறார். சுற்றிலும் கிண்ணங்களை வரைந்தது நன்றாகத்தான் இருக்கிறது. நிழலைக்கூட விடவில்லை. எதற்கும் சேமித்து வைத்திருக்கிறேன், அறிக்கைக்கு உதவும்.

பிப்ரவரி 19

நான் நினைத்ததுதான். நம்பாமல் சோதனைக் குழாய்களையெல்லாம் மறுபடி கழுவி, எல்லாவற்றையும் இன்னொரு முறை சோதித்தேன். அதே பதில்.

சாடியின் அடியில் இருக்கும் பொருக்கு, புளிக்கவைத்த தானியச் சாற்றில் படியும் ஒரு வகை உப்பு. அது கீரையிலிருந்தும் வரலாம், அதை மட்டும் வைத்து எதுவும் சொல்லக்கூடாது. ஆனால் பொருக்கில் மாட்டியிருந்த மாவுத் துகள்கள் நடுவில் குழிவிழுந்து, உப்பிப்போய் இருக்கின்றன. முளைகட்டிய தானியத்தை இடித்து வெந்நீரில் ஊறவைத்தால் இப்படி ஆகும். அடுப்பில் கருகிக் கிடந்த சாமையிலும் தினையிலும் முளை தெரிகிறது. மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் ஒரே பதில்தான். சாம்பமேட்டு மக்கள் இந்தச் சாடியில் தானியத்தைப் புளிக்கவைத்துக் குடித்திருக்கிறார்கள். போதை இருந்திருக்கும். கொஞ்சமாகத்தான்.

சாருக்கு ஃபோன் செய்தேன். "ஜெசிந்தா!" என்று என் பெயரைச் சொல்லிக் கத்தினார். அடுத்து பரிதிக்குச் சொன்னேன். சக ஊழியர் என்ற முறையில்.

பிப்ரவரி 24

சீங்காட்டுக்குத் திரும்பியாயிற்று. ஒரு பத்திரிகை நிருபர் வந்திருந்தார். தணிந்த குரலில் பேசும் நல்ல மனிதர். சார் குழியைக் காட்டினார், நான் முடிவுகளை விளக்கினேன். "எங்க வாசகர்களுக்குப் புரியற மாதிரி ஒரு வார்த்தை சொல்லுங்க மேடம்" என்றார்.

"இந்தக் காலத்து பீர் மாதிரின்னு வெச்சுக்கோங்க. ஆனா ரொம்ப மெலிசு."

"ரொம்ப மெலிசு" என்று நான் சொல்லும்போது அவர் பேனாவை மூடிக்கொண்டிருந்தார்.

பிப்ரவரி 26

தலைப்பு இது: "சீங்காட்டில் நாலாயிரம் வருட 'பார்'! அன்றே தள்ளாடிய ஆதி மனிதன்!" கூடவே என் படம். சாடியைச் சாய்த்துப் பிடித்திருக்கிறேன். பார்க்கிறவர்களுக்கு ஊற்றிக்கொடுப்பது போலத்தான் தெரியும்.

அம்மா ஃபோனில், "சர்ச்சுல எல்லாரும் கேக்காவ, எங்க மூஞ்சியைக் கொண்டு வைக்க?" என்றாள்.

தவமணி அக்கா பத்திரிகையை மடித்துக் கையில் பிடித்தபடி வந்தார். என் முன்னால் விரித்துக் காட்டினார். "இது நீ சொன்னதா, ஜெசி?"

"பாருன்னு நான் சொல்லலக்கா. பீர் மாதிரின்னு ஒரு வார்த்தை..."

மீதியைக் கேட்கவில்லை. சல்லடையைச் சுவரில் சாய்த்து வைத்தார். போய்விட்டார். அவர் பின்னால் மற்ற பெண்களும் ஒவ்வொருவராகச் சல்லடைகளைச் சாய்த்தார்கள். யாரும் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தேவலை என்று இருந்தது.

பிப்ரவரி 28

வேலைக்கு ஒருவரும் வரவில்லை. நான், சார், பரிதி மூன்று பேரும் மண் சலித்தோம். சாரின் முதுகு பிடித்துக்கொண்டது. பரிதி பாடவில்லை. பாடியிருக்கலாம்.

மார்ச் 3

விஷயம் நான் நினைத்ததைவிடப் பெரிசு. சமையல் செய்யும் மாதம்மாள் சொல்லித்தான் தெரிந்தது.

இரண்டு வருஷத்துக்கு முன்பு சீங்காட்டு பஸ் நிறுத்தத்தில் சரக்குக்கடை ஒன்று இருந்ததாம். குடித்துக் குடித்து ஊரே நாசம். பெண்கள் வாரக்கணக்கில் ரோட்டில் உட்கார்ந்து, அடி வாங்கி, கடைசியில் கடையைக் கூட்டுரோட்டுக்குத் துரத்தினார்கள். முன்னால் நின்றது தவமணி அக்கா. கடை இருந்த கட்டடம் ஜெயவேலு என்பவருடையது. அன்றிலிருந்து பூட்டிக் கிடக்கிறது. அவர் இப்போது பத்திரிகைச் செய்தியை நகலெடுத்து வீடு வீடாகக் கொடுத்து, மனுவில் கையெழுத்து வாங்குகிறார். "குடிப்பது இம்மண்ணின் நாலாயிரம் ஆண்டுப் பண்பாடு என அறிவியல் நிரூபித்துவிட்டபடியால், கடையை மீண்டும் திறக்க வேண்டும்." மார்ச் இருபத்திரண்டாம் தேதி கிராம சபையில் அதைத் தீர்மானமாகக் கொண்டுவரப் போகிறாராம்.

என் ஒரு வார்த்தை.

மார்ச் 5

சார் கூப்பிட்டு உட்காரவைத்தார். தட்டில் மைசூர்பாகு. கஷ்டமான பேச்சு என்றால் அவருக்கு இனிப்பு வேண்டும்.

"இடைக்கால அறிக்கையில 'உணவு தயாரிக்கப் பயன்பட்ட கலம்'னு போட்டுடலாமா? பொய் இல்லையே. முழுசாச் சொல்லல, அவ்வளவுதான். ஊர் அமைதியானப்புறம் மீதியைச் சொல்லிக்கலாம்."

"பீர்னு சொன்னது நான் சார். இப்ப கூழ்னு மாத்திச் சொன்னா, எதைச் சொன்னாலும் நம்ப மாட்டாங்களே."

"அதுவும் சரிதான்" என்று என் பங்கு மைசூர்பாகையும் எடுத்துக்கொண்டார்.

மார்ச் 7

மாலையில் பள்ளிக்கூடக் குழாயடியில் துணி அலசிக்கொண்டிருந்தேன். தவமணி அக்கா வந்து, பேசாமல் ஒரு நுனியைப் பிடித்துப் போர்வையைப் பிழிந்து கொடுத்தார். பிறகு சொன்னார்.

"கூழுன்னு எழுதிட்டா என்ன, ஜெசி? அதே மாவு, அதே தண்ணி. ஒரு நாள் முன்ன பின்ன."

அவர் போர்வையைக் கொடியில் போட்டு, சுருக்கத்தை நீவிக்கொண்டே பேசினார்.

"நாங்க ரோட்டுல உக்காந்த முதல் நாளு, கடைக்குள்ள யாரு இருந்தா தெரியுமா? எங்க வீட்டுக்காரரு. வெளியில நான் 'மூடு மூடு'ன்னு கத்தறேன். அவரு வெளிய வரணும், வழியில்ல. எல்லாப் பொம்பளைங்களும் என்னையே பாக்கறாங்க. நான் நகந்து வழி விட்டேன். தலையைக் குனிஞ்சுக்கிட்டுப் போனாரு. மறுநாள் காலையில ஒரு குடம் தண்ணி கொண்டாந்து எங்க நடுவுல வெச்சுட்டு, பேசாமப் போயிட்டாரு. அன்னியில இருந்து தினம் கொண்டாந்தாரு."

"அதோட விட்டுட்டாரா?"

"அதோடயா? விழுந்தாரு, எழுந்தாரு. கடை போனப்புறம்தான் நின்னுச்சு." கொடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "கடை தூரத்துல இருந்தா அவரு தங்கமான மனுசன். பக்கத்துல வந்தா என்னா ஆவும்னு எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரியாது."

அன்று கூட்டுரோடு என்றதும் வந்த மூட்டு வலி எதற்கு என்று இப்போது புரிகிறது. எவ்வளவு மக்கு நான்.

மார்ச் 8

ஞாயிறு. கூட்டுரோட்டுச் சர்ச்சுக்குப் போனேன். பரிதியும் வந்தார். அவருக்குச் சர்ச்சில் என்ன வேலை என்று கேட்டேன். "கட்டடத்தைப் பார்க்க" என்றார். அது ஆஸ்பெஸ்டாஸ் ஷெட்.

மார்ச் 16

மறுபடி சென்னை. இந்த முறை சரியான கேள்வியைக் கேட்டேன். அவர்கள் குடித்தார்களா என்பது தெரிந்துவிட்டது. எப்படிக் குடித்தார்கள்?

அனுமதி வாங்கி ஆய்வகத்திலேயே செய்து பார்த்தேன். சாமையையும் தினையையும் முளைகட்டி, காயவைத்து, இடித்து, மண்பானையில் வெந்நீரோடு கரைத்து வைத்தேன். இடித்ததில் கை கொப்பளித்துவிட்டது. மறுநாள் நுரைத்தது. அதற்கடுத்த நாள் கொஞ்சம் போதைச் சத்து இருந்தது, இன்றைய பீரில் பாதிகூட இல்லை. பிறகு புளிப்பு ஏறி, நான்காம் நாள் பூஞ்சை பூத்து, பக்கத்து அறைக்காரர்கள் புகார் கொடுத்தார்கள். அடைத்து வைக்கவும் முடியாது, தூக்கிக்கொண்டு போய் விற்கவும் முடியாது.

கிண்ணங்களின் களிமண்ணையும் பார்த்தேன். ஒன்று போல் ஒன்று இல்லை. ஒரே கையால் ஒரே இடத்தில் செய்தவை அல்ல. வீட்டுக்கு ஒரு கிண்ணமாகக் கொண்டுவந்திருக்கலாம். பொருக்கும் மெல்லியது. சாடி தினம் புழங்கியிருந்தால் தடித்திருக்கும். எப்போதாவதுதான் பயன்பட்டிருக்கிறது. ஊர் கூடும் நாளில், மாடு அடித்துச் சமைத்த விருந்தில் என்று நினைக்கிறேன். "நினைக்கிறேன்" என்பதையும் சேர்த்தே சொல்வேன்.

அம்மா ஃபோனில், "யாருட்டி அந்தப் பரிதி? பேச்சுக்குப் பேச்சு பரிதி பரிதிங்க" என்றாள். நான் ஒரு தடவைதான் சொன்னேன். அம்மாவுக்குக் காது மந்தமாகிவிட்டது.

மார்ச் 17

கிராம சபையில் என்னையும் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். அங்கே போய்த் திடீரென்று சொல்வதைவிட, தவமணி அக்காவிடம் முதலில் சொல்லிவிடுவது என்று அவர் வீட்டுக்குப் போனேன். டீ கொடுத்தார். உட்காரவில்லை.

"அக்கா, நான் கூழ்னு சொல்லப் போறதில்ல. குடிச்சாங்கன்னுதான் சொல்வேன். ஆனா எப்படிக் குடிச்சாங்கங்கறதையும் சொல்வேன்." எல்லாவற்றையும் விளக்கினேன். முளைகட்டுவது, இடிப்பது, புளித்துப் போவது, கிண்ணங்கள்.

கோவிந்தன் அண்ணன் வாசலில் மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கொண்டிருந்தார். கேட்டுக்கொண்டும் இருந்தார்.

அக்கா ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அந்தப் பானை எத்தனை வீட்டுக்கு?"

"இதுவரைக்கும் தோண்டின அளவுல, மொத்தக் குடியிருப்புக்கும் இது ஒண்ணுதான்க்கா."

"உம்" என்றார். டம்ளரை வாங்கிக் கழுவப் போய்விட்டார். கோபமா, இல்லையா, தெரியவில்லை. திரும்பி வரும் வழியெல்லாம் அந்த "உம்"மைப் பல விதமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

மார்ச் 22

நடந்ததை மறப்பதற்குள் அப்படியே எழுதிவிடுகிறேன்.

பஞ்சாயத்து அலுவலகத்துக்கு முன்னால் பந்தல். கூட்டம் நெருக்கியடித்தது. ஜெயவேலு வெள்ளை வேட்டி சட்டையில் வந்து, பத்திரிகையைத் தூக்கிக் காட்டினார். "நான் சொல்லல. அறிவியல் சொல்லுது. பாரம்பரியத்தை மதிக்கணும்." சிலர் கை தட்டினார்கள். தட்டியவர்களில் பாதிப் பேர் தம் மனைவி எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று பார்த்துவிட்டுத் தட்டினார்கள்.

என்னைப் பேசச் சொன்னார்கள். மைக்கைப் பிடித்ததும் படித்ததெல்லாம் மறந்துபோனது. "வணக்கம். அது... பானை" என்று ஆரம்பித்தேன். யாரோ சிரித்தார்கள். அதுவும் நல்லதுக்குத்தான், எனக்கும் சிரிப்பு வந்து பயம் விட்டது. கையில் இருந்த கொப்பளத் தழும்பைக் காட்டி, இதை இடித்ததில் வந்தது என்று தொடங்கி, தெரிந்ததையும் தெரியாததையும் சொன்னேன். பத்திரிகைக்கு நான் சொன்ன வார்த்தை அவசரத்தில் வந்தது, அதற்கு மன்னிக்க வேண்டும் என்றும் சொன்னேன்.

"குடிச்சாங்க, இல்லையா? அதை மட்டும் சொல்லு" என்றார் ஜெயவேலு.

"குடிச்சாங்க."

"முடிஞ்சது!" என்று கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார்.

தவமணி அக்கா எழுந்தார். மைக் வேண்டாம் என்றார். அவருக்கு அது தேவையும் இல்லை.

"ஜெயவேலு அண்ணன் கேக்கறது ஞாயம்தான். பாரம்பரியத்தை விடக்கூடாது. கொண்டாந்துருவோம். ஆனா முழுசாக் கொண்டாரணும். அறுப்பு முடியட்டும். வீட்டுக்கு ஒரு படி சாமை. அண்ணன் வீட்டுல இருந்து ரெண்டு படி, அவருதானே ஆரம்பிச்சாரு. முளைகட்டணும், காயவெக்கணும், இடிக்கணும். இடிக்கறது ஆம்பளைங்க." பெண்கள் பக்கம் சிரிப்பு கிளம்பியது. "ஊருக்கே ஒரு பானை. வீட்டுக்கு ஒரு கிண்ணம், அதுவும் பச்சப்புள்ள கையளவு. ரெண்டு நாள் தாண்டினா ஊசிப்போயிரும். இதுல கடை எங்கண்ணே வருது? பாட்டில் எங்க வருது? உங்க கட்டடம் எங்க வருது?"

பந்தலே அதிர்ந்தது. நமச்சிவாயம் சார் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

அப்போது, யாருமே எதிர்பாராமல், கோவிந்தன் அண்ணன் எழுந்தார். அவர் கூட்டத்தில் பேசி ஊர் பார்த்ததில்லை. சிரிப்பு அடங்கியது.

"அந்தப் பானையை எடுத்தது நானு" என்றார். "எனக்கு ஆசை போயிருச்சுன்னு சொல்ல மாட்டேன். வருது. தினம் வருது. ரெண்டு வருசம் முன்ன இந்தக் கையால டீ டம்ளரு பிடிக்க முடியாது. பாதி மடியில ஊத்திக்குவேன். அதே கைதான் அன்னிக்கு அதை எடுத்துச்சு. ஒரு சில்லு உடையல." கைகளைப் பார்த்தார். "அவங்க குடிச்சா குடிச்சுட்டுப் போறாங்க. அவங்களுக்கு வருசத்துல ஒரு நாளு போதுமா இருந்துச்சு. எனக்கு அப்படி இல்ல. கடை பக்கத்துல வந்தா நான் போயிருவேன். அதான். கடை வேணாம்."

உட்கார்ந்துவிட்டார். யாரும் கை தட்டவில்லை. தட்டக்கூடிய பேச்சும் அல்ல அது. தவமணி அக்கா தலையைக் குனிந்துகொண்டு நின்றார். பஞ்சாயத்துத் தலைவர் தொண்டையைக் கனைத்து, "கடை வேணாங்கறவங்க கை தூக்குங்க" என்றார்.

முதலில் எழுந்த கை ஜெயவேலுவின் மனைவியுடையது.

மார்ச் 23

சல்லடைகள் எல்லாம் திரும்ப இடத்துக்கு வந்துவிட்டன. சாரின் முதுகுக்கு விடுதலை.

மார்ச் 26

சாப்பாட்டு நேரத்தில் தவமணி அக்கா என்னைத் தனியாகத் தள்ளிக்கொண்டு போனார். சுற்றும் முற்றும் பார்த்தார்.

"நீ செஞ்சு பாத்தியே. எப்படி இருந்துச்சு?"

"என்னக்கா?"

"அதான். அது. குடிச்சுப் பாத்தியா இல்லையா?"

"ஒரு சொட்டு நாக்குல வெச்சேன். ஆராய்ச்சிக்காக. பழைய தோசை மாவுல தண்ணி ஊத்திக் குடிச்ச மாதிரி இருந்துச்சு. நடுவுல உமி வேற."

அக்கா என்னையே பார்த்தார். "இதுக்கா மாடு அடிச்சு விருந்து வெச்சாங்க?" என்றார். ஆரம்பித்த சிரிப்பை நிறுத்த முடியாமல் சாம்பமேட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். எனக்கும் அடங்கவில்லை. எங்களைத் தேடி வந்த பரிதி என்னவென்று புரியாமலே சிரித்தார். அவர் சிரித்தால் கன்னத்தில் குழி விழுகிறது. இதைக் குறித்துவைப்பதற்குக் காரணம் ஒன்றும் இல்லை.

ஏப்ரல் 8

குழிகளை மூடத் தொடங்கிவிட்டோம். ஆற்றுக்கு அந்தப் பக்கம் இன்னொரு மேட்டில் அகழாய்வு செய்ய சாருக்கு அனுமதி கிடைத்திருக்கிறது. அங்கே ஒரு மாதம் தங்க வேண்டும். கோவிந்தன் அண்ணனைக் குழுவோடு அழைத்துப்போக சார் ஆசைப்படுகிறார். "அந்தக் கை எனக்கு வேணும்" என்கிறார்.

அண்ணன் மனைவியைப் பார்த்தார். அக்கா தரையைப் பார்த்தார். அங்கே போகக் கூட்டுரோட்டில் பஸ் மாற வேண்டும்.

"யோசிச்சு சொல்றோம்" என்றார் அக்கா.

ஏப்ரல் 10

வருகிறாராம். "கூட்டுரோடு வரைக்கும் நான் கூட வந்து பஸ் ஏத்திவிட்டுட்டு வரேன்" என்று அக்கா சொல்லிவிட்டார். யாருக்கும் ஆட்சேபணை இல்லை. அண்ணனுக்கும் இல்லை.

அம்மா ஃபோனில், "அந்தப் பையன் என்ன சாப்பிடுவான்? மீன் சாப்பிடுவானா?" என்று கேட்டாள். எந்தப் பையன் என்று கேட்டேன். வைத்துவிட்டாள். சாப்பிடுவார் என்று நினைக்கிறேன், கேட்டுச் சொல்ல வேண்டும்.

ஏப்ரல் 12

சாரும் சாமான்களும் காலையிலேயே வேனில் போய்விட்டார்கள். நான், பரிதி, கோவிந்தன் அண்ணன் மூவரும் பஸ்ஸுக்கு நின்றோம். தவமணி அக்கா நல்ல புடவை கட்டி, கையில் பையோடு வந்திருந்தார். பஸ் வந்தது. அண்ணன் ஏறினார். நான் ஏறினேன். அக்கா படியில் ஒரு காலை வைத்தார். எடுத்துக்கொண்டார்.

"நான் வரல. மாடு கறக்கணும்."

மணி பன்னிரண்டு. மாடு விடியற்காலையில் கறந்தாகிவிட்டது, அந்தப் பாலில்தான் நாங்கள் காபி குடித்தோம். அண்ணன் ஜன்னல் வழியாக அவரைப் பார்த்தார். அக்கா பையை உள்ளே நீட்டினார். "சட்டை நாலு வெச்சிருக்கேன். வெயில்ல நிக்காதீங்க" என்றார். பஸ் நகர்ந்த பிறகும் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தார்.

கூட்டுரோட்டில் அடுத்த பஸ் ஏறி உட்கார்ந்தோம். கிளம்ப நேரம் இருந்தது. ஜன்னலுக்கு நேர் எதிரே அந்தச் சரக்குக்கடை. பட்டப்பகலில் வரிசை. கோவிந்தன் அண்ணன் முன்சீட்டின் கம்பியைப் பிடித்தபடி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். திடீரென்று எழுந்து இறங்கிப் போனார்.

பரிதி எழப் பார்த்தார், கையைப் பிடித்து உட்காரவைத்தேன். போகட்டும் என்று நினைத்தா, போக வேண்டாம் என்று நினைத்தா, எனக்கே தெரியவில்லை. டிரைவர் ஏறினார். ஹாரன் அடித்தார். பிடித்த கையை நான் விடவில்லை, அவரும் விடச் சொல்லவில்லை.

அண்ணன் ஓடி வந்து ஏறினார். கையில் காகிதப் பொட்டலம், ஆவி பறந்தது. வேகவைத்த கடலைக்காய்.

"பயந்துட்டீங்களா மேடம்?" என்றார். என் முகத்தைப் பார்த்தால் தெரிந்திருக்கும். "எனக்கும் பயம்தான். பஸ்ஸுக்குள்ளயே உக்காந்துரலாம்னு பாத்தேன். அப்புறம், எத்தனை நாளைக்குப் பஸ்ஸுக்குள்ளயே உக்காந்திருக்கறதுன்னு இறங்கிட்டேன்."

பஸ் பாலத்தைத் தாண்டியதும் ஃபோனை எடுத்து வீட்டுக்கு அடித்தார். முதல் மணியிலேயே எடுத்தாயிற்று.

"கூட்டுரோடு தாண்டிட்டோம்" என்றார். "இறங்கினேன். கடலைக்காய் வாங்கினேன்."

அண்ணன் ஃபோனைக் காதோடு அழுத்திக்கொண்டு காத்திருந்தார். அப்புறம் தவமணி அக்காவின் குரல், பக்கத்து சீட்டில் இருந்த எனக்கே கேட்டது.

"உப்பு போட்டு வேகவெச்சதா? இல்ல, சப்புன்னு இருக்கா?"

"நல்ல உப்பு" என்றார் அண்ணன். பொட்டலத்தை எங்கள் பக்கம் நீட்டினார்.